ஹொதன்: செல்வம் என்று பெயர் வைத்த பெண்ணும், அவளைப் பெறாமல் போனவனும்

குழந்தைப் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் இணையப் பக்கங்களில் 'ஹொதன்' என்று தேடினால் ஒரே வரியில் பதில் கிடைத்துவிடும். சோமாலியப் பெண்பெயர், பொருள்: செல்வம். அவ்வளவுதான். பதில் தவறில்லை. ஆனால் மீனாட்சி என்றால் மீன் போன்ற கண்ணுடையவள் என்று சொல்லிவிட்டு மதுரையைப் பற்றி வாயே திறக்காமல் போவதற்கு என்ன மதிப்போ, அதே மதிப்புதான் அந்த ஒரு வரிக்கும். ஒரு சோமாலியரிடம் ஹொதன் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். பணம், காசு அவர் நினைவுக்கு வருவதற்கு முன்னால் ஒரு ரொட்டிக்கடையும், அங்கே வேலை பார்த்த ஒரு கவிஞனும் வந்து நிற்பார்கள்.

கதைக்குள் போகும் முன் எழுத்தைச் சரிசெய்துகொள்வோம். ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் படிக்கிற பழக்கத்தில் நம்மில் பலர் இந்தப் பெயரை 'ஹோடன்' என்று எழுதிவிடுவோம். இரண்டு இடத்தில் பிசகு. சோமாலி மொழியில் நம்மைப் போலவே குறில் நெடில் வேறுபாடு உண்டு. இந்தப் பெயரில் வருவது குறில் ஒகரம். நடுவில் இருக்கும் மெய், நாக்கு பல்லைத் தொடும் 'த'. அண்ணத்தைத் தொடும் 'ட' அல்ல. ஆகவே ஹொதன். சுவையான விஷயம், 'ட'வும் சோமாலியில் தனி ஒலியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் 'த', 'ட' இரண்டையும் பிரித்துக் காட்ட எழுத்து கிடையாது. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனி எழுத்து கிடையாது. தமிழில் இரண்டும் இருக்கின்றன. இந்தப் பெயரை லண்டன் செய்தி வாசிப்பாளரைவிடச் சரியாக உச்சரிக்கும் வசதி மதுரைக்காரருக்கு இருக்கிறது.

சோமாலி மொழிக்கு இன்றுள்ள எழுத்துமுறை வந்ததே 1972 அக்டோபர் மாதத்தில்தான். ரோமன் எழுத்துகளையே எடுத்துக்கொண்டு, தங்கள் ஒலிகளுக்கு ஏற்றபடி சிலவற்றுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். தொண்டையின் அடியிலிருந்து வரும் அரபு 'அய்ன்' ஒலிக்கு 'சி' என்ற எழுத்து. அழுத்தமான ஹகரத்துக்கு 'எக்ஸ்'. இதனால்தான் ஆயிஷா என்ற பெயர் சோமாலி எழுத்தில் 'சி'யில் தொடங்கும். ஹவ்வா என்ற பெயர் 'எக்ஸ்'ஸில் தொடங்கும். வெளிநாட்டு விமான நிலையங்களில் அந்தப் பெயர்கள் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். ஹொதனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதில் வருவது சாதாரண ஹகரம்தான்.

இனிப் பொருளுக்கு வருவோம். அன்றாடப் பேச்சில் ஹொதன் என்றால் வளமுள்ள, வசதியுள்ள என்று பொருள். வசதியான ஆளையும் ஹொதன் என்பார்கள், கனிவளம் உள்ள நாட்டையும் ஹொதன் என்பார்கள், சொல்வளம் மிக்க மொழியையும் அப்படியே சொல்வார்கள். நம் 'வளம்' என்ற சொல்லின் அகலம் அதற்கு உண்டு. இந்தப் பெயரை வைக்கும் பெற்றோர் வங்கிக் கணக்கை மனத்தில் வைத்து வைப்பதில்லை. குறையில்லாத வாழ்வு, வந்தவருக்குக் கொடுக்க வீட்டில் எப்போதும் ஏதாவது இருப்பது, அதுதான் அவர்கள் ஆசை. நம் ஊர்ச் 'செல்வி'க்கு மிக அருகில் வருகிற பெயர்.

அந்த மண்ணில் வளம் என்பது என்ன என்று தெரிந்தால்தான் பெயரின் எடை தெரியும். சோமாலி பேசும் மக்களில் பெரும்பகுதியினர் தலைமுறை தலைமுறையாக ஒட்டகமும் ஆடும் மாடும் மேய்த்தவர்கள். அவர்கள் மொழியில் கால்நடைக்கும் சொத்துக்கும் ஒரே சொல்: ஹோலோ. ஹோலோ இருப்பவன் பணக்காரன். ஹோலோ செத்தால் அவன் ஒன்றுமில்லாதவன். நமக்கு இது புதிதல்ல. 'மாடல்ல மற்றை யவை' என்ற குறளில் வரும் மாடு, தொழுவத்து மாடு அல்ல, செல்வம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அங்கே அந்த இரட்டைப் பொருள் இன்னும் உரை தேடும் நிலைக்குப் போகவில்லை. சந்தையில் தினமும் புழங்குகிறது.

ஆண்டுக்கு நான்கு பருவம். ஏப்ரல் வாக்கில் தொடங்கும் 'கு' என்ற பெருமழைக் காலம், அதன்பின் காற்றடிக்கும் 'ஹகா', அக்டோபர் நவம்பரில் 'தய்ர்' என்ற சிறுமழை, டிசம்பர் முதல் மார்ச் வரை ஈவிரக்கமில்லாத 'ஜீலால்' என்ற வறட்சி. 'கு' நன்றாகப் பெய்தால் புல் வளரும், ஒட்டகம் கன்று ஈனும், பால் பெருகும், கல்யாணங்கள் நடக்கும், ஆட்கள் கவிதை சொல்வார்கள். பொய்த்தால் நடந்து நடந்தே பாதி மந்தை போய்விடும். 1974-75ல் வந்த பெரும் பஞ்சத்துக்கு 'தபடேர்' என்று பெயரே வைத்தார்கள். நீண்ட வாலுடையது என்று பொருள். முடிவே இல்லாமல் இழுத்துக்கொண்டு போனதால் அந்தப் பெயர். பஞ்சத்துக்கே பெயர் வைக்கிற மக்கள் பிள்ளைக்கு யோசித்துத்தான் பெயர் வைப்பார்கள். அவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: சமாதானமும் பாலும், போரும் பஞ்சமும். வினைச்சொல்லே இல்லை. எது எதோடு சேர்ந்து வரும் என்று நான்கே சொல்லில் சொல்லியாகிவிட்டது. ஹொதன் என்ற பெயர் அதில் முதல் இரண்டு சொற்களின் பக்கம் நிற்கிறது.

இதே பக்கத்தில் நிற்கும் பெண்பெயர்கள் இன்னும் நிறைய. பர்வாகோ என்றால் மழை பெய்து மேய்ச்சல் செழித்த நிலை. தேக்கா என்றால் கொடை. லதன் என்றால் நலமாயிருப்பவள். உபஹ் என்றால் பூ. வர்ஸன் நல்ல செய்தி, அயான் அதிர்ஷ்டம், தஹபோ பொன், லூல் முத்து. இதில் என்றும் ஒரு பெயர் இருக்கிறது. முழுமை என்று பொருள். தமிழில் எழுதினால் அந்தப் பெண் வேற்றுமை உருபோடு மாட்டிக்கொள்வாள். திமிரோ என்ற பெயரையும் நம் ஊரில் யாரும் துணிந்து வைக்க மாட்டார்கள். ஆனால் அது பேரீச்சம்பழத்திலிருந்து வந்த இனிய பெயர்.

இவை சோமாலி வேர் கொண்டவையும், அரபு வழியாக வந்து அந்த ஊர் ஒலிக்குப் பழகியவையுமாகக் கலந்து கிடக்கும். மக்கள் ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள் என்பதால் ஃபாத்திமா 'ஃபாதுமோ' ஆகவும், ஹலீமா 'ஹலீமோ' ஆகவும் வீட்டுக்கு வீடு இருப்பார்கள். அக்காள் ஃபாதுமோ, தங்கை ஹொதன் என்று ஒரே வீட்டில் வேதத்தின் பெயரும் மேய்ச்சல் நிலத்தின் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் தூங்கும். இதை யாரும் முரணாக நினைப்பதில்லை.

பெயர் வைக்கும் சடங்குக்கு 'வன்கல்' என்று பெயர். பெரும்பாலும் ஏழாம் நாள் ஆடு அறுத்து, உறவினரைக் கூப்பிட்டுச் சோறு போட்டுச் செய்வார்கள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வீட்டை விட்டு வெளியே போகமாட்டாள். நாற்பதாம் நாள் வருவது 'அஃபர்தன்பஹ்': நாற்பதிலிருந்து வெளியேறுதல். அன்று பெண்கள் கூடுவார்கள். மண்ணால் செய்த தூபக்காலில் கனலைப் போட்டு நறுமணப் புகை காட்டுவார்கள். உலகத்துக்கே சாம்பிராணி வகையும் வெள்ளைப்போளமும் ஏற்றுமதி செய்த நாடு அது. புகை இல்லாமல் அங்கே எந்த விசேஷமும் நிறைவேறாது. பெண்களுக்கே உரிய 'புரான்புர்' என்ற பாவகையில் ஒருத்தி பாட, மற்றவர்கள் கைதட்டி நடுவில் இறங்கி ஆடுவார்கள்.

பெயர் அமைப்பு நமக்கு உடனே புரியும். குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். நாம் அப்பா பெயரை ஓரெழுத்தாக்கி முன்னால் மாட்டுகிறோம். அவர்கள் முழுதாகவே பின்னால் வரிசையாக நிறுத்துகிறார்கள். வரிசை தாத்தாவோடு நிற்பதுகூடக் கடவுச்சீட்டுக்காகத்தான். 'அப்திர்ஸி' என்ற பரம்பரைக் கணக்கைப் பிள்ளைகள் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்வார்கள். பத்து, பதினைந்து தலைமுறை ஒரே மூச்சில் வரும். கல்யாணம் ஆனாலும் பெண் தன் பெயரை மாற்றுவதில்லை. அவள் பெயருக்குப் பின்னால் கடைசிவரை நிற்பவர்கள் அப்பாவும் தாத்தாவும்தான், கணவன் அல்ல. இதைப் பெண்ணுரிமை என்று சிலாகிப்பவர்கள் உண்டு. பரம்பரை முழுக்க ஆண்கள் பெயராகவே போகிறதே என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை.

ஆனால் ஒரே பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும் ஊரில் ஆளை அடையாளம் காண்பது எப்படி? அதற்குத்தான் 'நானைஸ்' என்ற பட்டப்பெயர். இதில் அவர்களுக்குக் கூச்சமே கிடையாது. நொண்டி, பெருங்காது, நீளக்கை என்று வைத்துவிட்டு அமைச்சராக இருந்தாலும் அதையே சொல்லிக் கூப்பிடுவார்கள். சோமாலியாவின் அதிபராக இருந்த முகமது அப்துல்லாஹி முகமதுவை உலகம் 'ஃபர்மாஜோ' என்றே அறியும். இத்தாலிய மொழியில் பாலாடைக்கட்டிக்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது அது. நம் கதையின் கவிஞன் பெயரிலும் பாதி பட்டப்பெயர்தான்.

இல்மி போடரி. இல்மி அவன் பெயர். போடரி என்பது ஆங்கிலத்தின் 'பௌண்டரி' மருவியது. அன்றைய பிரிட்டிஷ் சோமாலிலாந்துக்கும் எத்தியோப்பியாவுக்கும் நடுவே வெள்ளைக்காரர்கள் கோடு போட்டார்கள். மேய்ச்சலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்த மக்களுக்கு அந்தக் கோடு ஒரு புதிய தொல்லை. அதன் அருகே பிறந்தவன் என்பதால் எல்லைக்காரன் என்று அவனுக்குப் பெயர் விழுந்தது. போடரி என்பதில் வருவது சுத்தமான நம் 'ட'.

மேய்ச்சலை விட்டுவிட்டு அவன் பெர்பெரா துறைமுகத்துக்கு வந்தான். காலம் 1930கள். ஏடன் வளைகுடாவின் கரையில், எதிர்க்கரை ஏடனைப் பார்த்தபடி இருக்கும் ஊர் அது. ஏடன் படைத்தளத்துக்கு வேண்டிய ஆட்டிறைச்சியெல்லாம் இங்கிருந்து உயிரோடு கப்பலேறிப் போகும். கோடையில் அடிக்கும் அனல் தாங்காமல் வெள்ளை அதிகாரிகள் மலைமேல் இருக்கும் ஷேக் என்ற ஊருக்கு ஓடிவிடுவார்கள். இல்மிக்கு அங்கே ஒரு ரொட்டிக்கடையில் வேலை கிடைத்தது. ரொட்டிக்குச் சோமாலி மொழியில் என்ன சொல் என்று கேட்கிறீர்களா? 'ரோட்டி'தான். அந்தப் பகுதியை 1898 வரை பிரிட்டிஷார் இந்தியாவிலிருந்துதான் நிர்வாகம் செய்தார்கள். அதன் பிறகும் 1941 வரை அங்கே செல்லுபடியான காசு இந்திய ரூபாய்தான். ஆக, அந்தக் கடையில் சுடச்சுட ரோட்டியை எடுத்துக் கொடுத்து அவன் வாங்கிப் போட்ட சில்லறையில், நம் தாத்தாக்கள் மடியில் முடிந்து வைத்திருந்த அதே ராஜா தலை இருந்தது.

அந்தக் கடைக்கு ஒரு நாள் ரொட்டி வாங்க வந்த பெண்தான் ஹொதன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெரும்பாலும் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் விழுந்தான். அவளோ ஊரில் பெயர் சொல்லும் வசதியான குடும்பத்துப் பெண். சோமாலிய வழக்கில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு 'யரத்' கொடுக்க வேண்டும். ஒட்டகமோ, குதிரையோ, பணமோ, அந்தஸ்துக்குத் தக்கபடி. ரொட்டிக்கடைக் கூலியில் யரத் சேராது. பெண்ணை முகமது ஷபேல் என்பவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஷபேல் என்றால் சிறுத்தை, அதுவும் பட்டப்பெயர்தான். இல்மி சாப்பாட்டை விட்டான், தூக்கத்தை விட்டான், கவிதையை மட்டும் விடவில்லை. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இளம் வயதிலேயே இறந்தான். காதலால் செத்தவன் என்று ஊர் சொன்னது.

இதில் ஏழைப் பையன், பணக்காரப் பெண் என்ற பகுதி உலகத்தில் எல்லா ஊரிலும் நடப்பதுதான். சோமாலியர்கள் இத்தனை காலமாக இதை விடாமல் பேசுவதற்குக் காரணம் வேறு. அவன் என்ன செய்தான் என்பதைவிட எதைக்கொண்டு செய்தான் என்பதில்தான் அது இருக்கிறது.

சோமாலியர்கள் கவிதைக்காரர்கள். 1850களில் அங்கே போன ஆங்கிலப் பயணி ரிச்சர்ட் பர்ட்டன் இந்த நாடு கவிஞர்களால் நிரம்பி வழிகிறது என்று வியந்து எழுதினார். எழுத்தில்லாத மொழியில் எல்லாம் நினைவிலேயே நின்றது. அந்தக் கவிதைகளில் தலைமையானது 'கபய்' என்ற பாவகை. நீண்ட வரிகள். கவிதை தொடங்கும்போது ஓர் ஒலியைப் பிடித்துக்கொண்டால், நூறு வரியானாலும் ஒவ்வொரு அரைவரியிலும் அதே ஒலியில் தொடங்கும் ஒரு சொல் வந்தாக வேண்டும். நம் மோனைதான், ஆனால் கவிதை முழுவதற்கும் ஒரே மோனை. இவ்வளவு கனமான வடிவத்தை எதற்குப் பயன்படுத்தினார்கள்? குலச்சண்டைக்கு, சமரசத்துக்கு, வசைக்கு, ஒட்டகத்தின் புகழுக்கு. இருபது ஆண்டுகள் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட சையது முகமது அப்துல்லா ஹசன் கபய்யை ஓர் ஆயுதமாகவே கையாண்டவர். 1920-ல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசி அவர் கோட்டையான தலேஹைப் பிடித்த பிறகுதான் அந்தப் போர் ஓய்ந்தது. அவர் கவிதைகள் ஓயவில்லை.

அப்படிப்பட்ட வடிவத்தை எடுத்து, ஒரு ரொட்டிக்கடைப் பையன், தனக்குக் கிடைக்காத ஒரு பெண்ணைப் பற்றிப் பாடினான். குலத்தைப் பற்றி ஒரு வரி இல்லை, எதிரியைத் திட்டவில்லை. முழுக்க முழுக்கக் காதல். அதைவிடப் பெரிய காரியம், அவள் பெயரைச் சொல்லிப் பாடினான்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று அகத்திணைக்குத் தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது. காதலைப் பாடு, ஆளின் பெயரைச் சொல்லாதே. தலைவன், தலைவி, அவ்வளவு போதும். எந்தத் தலைவியின் பெயரும் நமக்குத் தெரியாது. சோமாலியர்களிடம் சூத்திரம் இல்லை, ஆனால் வழக்கம் அதேதான். கல்யாணமாகாத பெண்ணின் பெயரை ஓர் ஆண் நாலு பேர் முன்னால் பாட்டில் எடுத்தால் அது அவள் குடும்பத்துக்கு அவமானம். எழுத்தில்லாத சமூகத்தில் நல்ல கவிதை காற்றைவிட வேகமாகப் பரவும். இன்று பெர்பெராவில் சொன்னதை அடுத்த மாதம் உள்நாட்டுக் கிணற்றடியில் ஒட்டகக்காரன் மனப்பாடமாகச் சொல்வான். அப்படி அவள் பெயர் பரவிய பிறகு எந்தத் தகப்பன் அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பெண்ணைக் கொடுப்பான்? யரத் இல்லாதது பாதிக் காரணம் என்றால், அவன் கவிதை மீதிக் காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது. பாடாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவள் கிடைத்திருப்பாள். பாடியதால்தான் நாம் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கனடா எழுத்தாளர் மார்கரெட் லாரன்ஸ், அணை கட்டும் வேலைக்கு வந்த பொறியாளர் கணவரோடு 1950 முதல் 1952 வரை அங்கே வாழ்ந்தார். சோமாலிக் கவிதைகளையும் கதைகளையும் மொழிபெயர்த்து 1954-ல் அவர் ஒரு தொகுப்புக் கொண்டுவந்தார். அதற்குள்ளேயே இல்மியின் கதை இடம்பெற்றுவிட்டது. அவன் இறந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. காதலால் உண்மையிலேயே உயிர் போகுமா என்று சோமாலியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து 1975-ல் மொகதிஷுவில் ஒரு புத்தகம் வந்தது.

அவனுக்குப் பின்னால் கதவு அகலத் திறந்தது. 1940களின் நடுவில் அப்தி சினிமோ என்ற லாரி ஓட்டுநர், வண்டி பழுதாகி வழியில் நின்றபோது 'பல்வோ' என்ற குட்டிக் காதல் பாட்டை உண்டாக்கினார் என்பார்கள். பல்வோ என்றால் துன்பம். இரண்டே வரி, கைதட்டு, காதல். இளைஞர்கள் மயங்கினார்கள், மதப்பெரியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். கண்டித்ததால் இன்னும் பரவியது. அது வளர்ந்து 'ஹேல்லோ' ஆனது. அப்துல்லாஹி கர்ஷே போன்றவர்கள் ஊது என்ற நரம்பிசைக் கருவியைச் சேர்த்தார்கள். வானொலி அதை எடுத்துக்கொண்டது. பழைய காதல் பாட்டுகளை 'கராமி' என்ற பெயரில் இன்றும் கேட்கிறார்கள். அந்தப் பாட்டுகளில் காதலன் தன் நிலையைச் சொல்ல நீளமாக விளக்க வேண்டியதே இல்லை. போடரி என்று சொன்னால் போதும். தன் காதலி யார் என்று சொல்ல, ஹொதன் என்றால் போதும்.

பெயர் தலைகீழானது இங்கேதான். ஹொதன் என்றால் எல்லாம் இருப்பது என்று பொருள். ஆனால் பாட்டில் அது கையில் கிடைக்காததைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அகராதி 'உள்ளது' என்கிறது, பாட்டு 'இல்லை' என்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டுதான் பெற்றோர்கள் இந்தப் பெயரை வைக்கிறார்கள். துயரக் கதையின் நாயகி பெயரை மகளுக்கு வைப்பார்களா என்று நாம் கேட்கலாம். நம் ஊரில் கண்ணகி என்று பெயர் வைத்த வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்வோம்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் மட்டும் உண்டு. கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் இல்மியின் பக்கத்தில் நின்றுதான் சொல்கிறார்கள். ரொட்டி வாங்கப் போன ஒரு பெண், தான் கேட்காமலே ஒரு நாட்டின் பாட்டுக்குள் போய்ச் சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொண்டு, வீட்டு வேலை பார்த்துக்கொண்டு, வாசலைத் தாண்டினால் தன் பெயரை யாரோ பாடுவதைக் கேட்டுக்கொண்டு அவள் வாழ்ந்திருக்க வேண்டும். சிறுத்தை என்ற பட்டப்பெயர் கொண்ட அந்தக் கணவரின் நிலையையும் யாராவது ஒரு கபய்யில் பாடியிருக்கலாம்.

தலைநகர் மொகதிஷுவில் ஹொதன் என்ற பெயரில் ஒரு வட்டாரம் இருக்கிறது. சுற்றுவட்டாரப் பெயர்களைப் பாருங்கள்: வாபெரி என்றால் விடியல், வதஜிர் என்றால் ஒற்றுமை, ஹவ்ல் வதாக் என்றால் வேலையைப் பகிர்ந்துகொள்ளுதல். நம்பிக்கை நிறைந்த ஒரு காலத்துச் சொற்கள். 2017 அக்டோபர் 14 அன்று அந்த ஹொதன் வட்டாரத்தில், ஸோபே சந்திப்பில், வெடிமருந்து ஏற்றிய லாரி வெடித்தது. பின்னர் வெளியான அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 587 பேர். அந்த வாரம் உலகச் செய்திகளில் 'ஹொதன்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அது வளம் என்று பொருள்படும் ஒரு பெண்பெயர் என்பதைச் சொல்ல அந்தச் செய்திகளில் இடமில்லை.

ஹொதன் நலாயே என்ற பெயரும் இதற்கடுத்துச் சொல்ல வேண்டியதுதான். லாஸ் ஆனோத் என்ற ஊரில் 1976-ல் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு கனடா போனவர். செய்தியாளரானார். சோமாலியா என்றால் குண்டு, கடற்கொள்ளை, பஞ்சம் என்று மட்டுமே படம் காட்டுகிறார்களே என்ற ஆதங்கத்தில், உலகெங்கும் உள்ள சோமாலியர்களுக்காக இணையத்தில் ஒரு காணொளி நிகழ்ச்சியைத் தொடங்கினார். மீனவர்கள், கடை நடத்தும் பெண்கள், பட்டம் வாங்கிய பிள்ளைகள், கடற்கரையில் சிரிக்கும் ஆட்கள், இவர்களைத்தான் தேடித்தேடிப் படம்பிடித்தார். தாய்நாட்டுக்கே திரும்பிவந்து வேலை செய்தார். 2019 ஜூலை 12 அன்று கிஸ்மாயோ நகரில் ஒரு ஓட்டல் மீது அல்-ஷபாப் என்ற தீவிரவாத அமைப்பு நடத்திய தாக்குதலில் கணவரோடு கொல்லப்பட்டார். அன்று இறந்தவர்கள் 26 பேர். அந்த நாட்டில் என்னவெல்லாம் வளமாக இருக்கிறது என்று காட்டியே தீருவேன் என்று கிளம்பியவருக்கு அந்தப் பெயர் அமைந்திருந்தது தற்செயல்தான். தற்செயல் என்று தெரிந்தும் மனம் அங்கே போய் நிற்கிறது.

1991-ல் அரசு கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு லட்சக்கணக்கான சோமாலியர்கள் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். ஹொதன்களும் மினியாபொலிஸுக்கும் டொரண்டோவுக்கும் லண்டனுக்கும் நைரோபியின் ஈஸ்ட்லிக்கும் போனார்கள். அங்கே முதல் சிக்கல் படிவம். குடும்பப்பெயர் என்ன? ஹொதன் அப்தி வர்ஸமே என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் தாத்தா வர்ஸமே போய் உட்கார்ந்துகொள்வார். மருத்துவமனையில் 'திருமதி வர்ஸமே' என்று கூப்பிட்டால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு உறைக்கவே நேரமாகும். வீட்டில் கணவனுக்கு ஒரு கடைசிப் பெயர், அவளுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு வேறொன்று. இவர்கள் ஒரே குடும்பமா என்று குடியேற்ற அதிகாரி கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பார். அப்பா பெயரைக் குடும்பப்பெயராகச் சுமந்துகொண்டு டொரண்டோவில் வாழும் நம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வெளியே இப்படி. வீட்டுக்குள் வந்தால் உறவுமுறை நமக்கு மிக நெருக்கம். அம்மாவின் தங்கையை 'ஹபர்யர்' என்பார்கள்; சொல்லைப் பிரித்தால் சின்னம்மா. அப்பாவின் சகோதரி 'ஏத்தோ', அம்மாவின் சகோதரன் 'அப்தி'. அத்தையும் மாமாவும் ஆங்கிலத்தில் இருப்பதுபோல ஒரே குவியலில் கலந்துவிடுவதில்லை. இன்னொரு வழக்கம், பெரியவர்கள் எந்த முறைச்சொல்லால் அழைக்கப்படுகிறார்களோ அதையே சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். மாமா மருமகளை 'அப்தி' என்பார், அத்தை 'ஏத்தோ' என்பாள்.

அம்மாவுக்குச் சோமாலியில் 'ஹோயோ' என்று பெயர். இத்தனை கவிதையும் இத்தனை துயரமும் ஏறிக் கிடக்கும் இந்தப் பெயர் கொண்ட பெண் பள்ளிக்கூடம் விட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வரும்போது, அடுப்படியிலிருந்து அவள் அம்மா 'ஹொதன்' என்று கூப்பிடுவது அபூர்வம். 'ஹோயோ, வந்துவிட்டாயா?' என்றுதான் கேட்பாள். நம் வீட்டில் 'வாம்மா' என்பதுபோல.